சாமி கிடாயும் குடியரசின் சட்டமும்: ரீயூனியன் தமிழரிடையே ஒரு விவாதம்

காரைக்காலாள் (சேன்-தெனி)

கோயில் பலியைப் பற்றி, பிரான்சின் ஆட்சியிலுள்ள இந்த ரீயூனியன் தீவில் தமிழர் ஒருவர் வாய் திறந்தாலே, "நீயும் பர்தோ கட்சியா?" என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. 2019 மார்ச்சில் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பர்தோ ரீயூனியனின் பிரெஃபேவுக்கு, அதாவது பிரெஞ்சு அரசின் தலைமை அதிகாரிக்கு, எழுதிய கடிதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தெருநாய்கள் படும் பாட்டையும் தமிழர் திருவிழாக்களில் ஆடுகளின் தலை வெட்டப்படுவதையும் கண்டித்தவர், அதோடு நிற்காமல், இத்தீவின் மக்கள் சீரழிந்தவர்கள் என்றும் காட்டுமிராண்டிகளின் மரபணு இன்னும் அவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் எழுதினார். இனவெறி என்பது ஒரு கருத்து அன்று, அது குற்றம் என்று அன்றைய கடல்கடந்த பகுதிகளின் அமைச்சர் அன்னிக் ஜிரார்தேன் அவருக்குப் பதில் எழுதினார். 2021 நவம்பரில் சேன்-தெனி நீதிமன்றம் அவருக்கு 20,000 யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதில் எனக்கு இம்மியளவும் ஐயமில்லை.

ஆனால் அந்தத் தண்டனை மனிதர்களை இழிவுபடுத்திய சொற்களுக்குக் கிடைத்தது. சாமி பெயரால் ஆட்டை வெட்டுவது சரியா என்று அன்று எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. பர்தோ தண்டிக்கப்பட்டதாலேயே கிடாய்வெட்டு நியாயம் என்று ஆகிவிட்டதுபோல் நம்மவர்கள் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வசை பாடினார் என்பதற்காக, உள்ளே இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி செல்லாததாகிவிடாது. தீவின் பெரிய கோயில்கள் பலவற்றில் இன்று பலி கிடையாது. பூசணிக்காயும் எலுமிச்சையும் தேங்காயும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுள்ளன. அங்கெல்லாம் அம்மன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கரும்புத் தோட்டத்துக் கோயில்களின் நிர்வாகக் குழுக்களும் யாரும் வற்புறுத்தாமல், தாங்களாகவே கூடிப் பேசிப் பலியை நிறுத்த வேண்டும் என்பது என் கோரிக்கை.

கரும்புக்காட்டான் (சேன்-அந்த்ரே)

அம்மா, நீங்கள் மரியாதையோடு எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், ஆனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமென்று முதலாளிகள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும், 1860-இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் ஆன பிறகு சென்னையிலிருந்தும் எங்கள் முன்னோரைக் கப்பலேற்றினார்கள். இங்கே கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து 1882-இல் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்துபோனது. பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் கிறித்தவப் புனிதர்களின் பெயர்கள் வந்தன. மொழி போயிற்று. நான் தமிழைப் பெரியவனான பிறகுதான் வகுப்பில் உட்கார்ந்து கற்றேன். போகாமல் நின்றவை மாரியம்மனும், காளியும், மதுரை வீரனும், நாங்கள் பாண்டியாளே என்று அழைக்கும் பாஞ்சாலியின் தீமிதியும், கிடாயும்தான். ஆகமம் படித்தவர் யாரும் உடன் வராத நிலையில், சர்க்கரை ஆலையின் ஓரத்தில் தகரக் கூரை போட்டு அவர்கள் காப்பாற்றியது இந்த வழிபாட்டை. பிசாசு வழிபாடு என்று திருச்சபையினர் சொன்னார்கள். அதையும் தாங்கி நின்றது.

இன்று அதே குற்றச்சாட்டு விலங்குரிமை என்ற பெயரில் வருகிறது. கடல் கடந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் உறைகோழியைப் பற்றி ஏன் இந்த வேகத்தில் யாரும் எழுதுவதில்லை? 2015-இல் அலேஸ் நகரத்து இறைச்சிக்கூடத்திலும் 2016-இல் லெ விகானிலும் எல்214 என்ற விலங்குரிமை அமைப்பினர் மறைவாகப் படம் பிடித்து வெளியிட்டதை நாடே பார்த்தது. நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் தலைவர் ஃபலோர்னி இறைச்சிக்கூடங்களில் கேமரா கட்டாயமாக வேண்டும் என்று எவ்வளவோ போராடியும், 2018-இல் நிறைவேறிய சட்டத்தில் விரும்பியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் அது முடிந்தது. சுவருக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் நடப்பதைச் சகித்துக்கொள்ளும் ஒரு சமூகம், ஆண்டுக்கு ஒருமுறை எல்லோர் கண் முன்னாலும் நடப்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறது.

பூசணிக்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து குருக்களை வரவழைத்துக் கோபுரம் கட்டிய பிறகுதான் எங்கள் சாமி சின்ன சாமி என்றும் எங்கள் பூசை தாழ்ந்த பூசை என்றும் தமிழர்களுக்குள்ளேயே ஒரு பார்வை வந்தது. உங்கள் கோரிக்கையில் ஆட்டின் மேலுள்ள இரக்கம் உண்மையானது என்று நம்புகிறேன். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் அந்த இரக்கம்தான் காரணம் என்று நம்ப மாட்டேன்.

வடலூர் அன்பர்

அவி சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நல்லது என்று சொன்னவர் வள்ளுவர். புலால் உண்பவர்களைப் புறத்தார் என்று வகுத்தவர் வள்ளலார். இவர்கள் இருவரும் ஊர் குருக்கள்மார் அல்லர். பலியை மறுப்பது மேட்டுக்குடிப் பழக்கம் என்று ஒதுக்குவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் பயில்பவள் (லெ தாம்போன்)

இதுவரை யாரும் சட்டத்தைத் தொடவில்லை. அது தெரியாமல் நிறுத்தலாமா, தொடரலாமா என்று பேசுவது அரைப் பேச்சாகவே இருக்கும்.

பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 521-1 ஆம் பிரிவு விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கிறது. 2021 நவம்பர் 30 சட்டத்துக்குப் பிறகு அதற்கு 3 ஆண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும், விலங்கு இறந்துபோனால் 5 ஆண்டும் 75,000 யூரோவும் விதிக்கலாம். அதே பிரிவு, இடையறாத உள்ளூர் மரபு உள்ள இடங்களில் காளைப்போருக்கும் சேவற்சண்டைக்கும் விலக்கு அளிக்கிறது. காளைப்போர் விலக்கு அரசமைப்புக்கு முரணானது அன்று என்று 2012 செப்டம்பரில் அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஜூலையில், புதிய சேவற்சண்டைக் களங்களுக்கு உள்ள தடையும் செல்லும் என்று அதே மன்றம் சொன்னது. அந்த வழக்கு நம் தீவிலிருந்துதான் போயிற்று. ஆக, குடியரசின் சட்டத்துக்கு மரபு என்பது தெரியாத பொருள் அன்று.

ஆனால் நம் கிடாய்க்கு அந்த விலக்கு பொருந்துவதில்லை. இறைச்சிக்காக விலங்கை வெட்டுவது வேறு விதிகளின் கீழ் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1099/2009 ஆம் ஒழுங்குவிதியும் பிரெஞ்சு வேளாண் விதித்தொகுப்பும், வெட்டுமுன் விலங்கை மயக்க வேண்டும் என்கின்றன. மத முறைப்படி வெட்டுவதற்கு மயக்கத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட இறைச்சிக்கூடத்துக்குள் மட்டுமே. வெளியே மத முறைப்படி வெட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டில் வளர்த்த ஆட்டைக் குடும்பம் உண்பதற்காக வீட்டிலேயே வெட்டலாம் என்ற சலுகை இருக்கிறது என்றாலும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு இலை போடும் கோயில் திருவிழாவை அதற்குள் அடக்க முடியாது. 1946 முதல் நாம் பிரான்சின் ஒரு தெபார்த்மாங், அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. ஐரோப்பிய விதிகளும் நமக்குப் பொருந்தும். அப்படியானால் ஆண்டுதோறும் இங்கே நடப்பது எதன் பலத்தில் நடக்கிறது? நிர்வாகம் கண்டுகொள்ளாமல் இருப்பதன் பலத்தில்தான். இன்றைய பிரெஃபே கண்டுகொள்ளாமல் இருப்பது நாளை வரும் பிரெஃபேவைக் கட்டுப்படுத்தாது.

நீதிமன்றங்கள் போகும் திசையையும் பாருங்கள். 2000-இல் பிரான்சுக்கு எதிரான யூத அமைப்பு ஒன்றின் வழக்கில், மத முறைப்படி வெட்டுவது மதச் சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த அமைப்பு தோற்றது. 2020 டிசம்பரில் லுக்சம்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், உயிர் போகாத, மீளக்கூடிய மயக்கத்தை மத வெட்டுக்கும் கட்டாயமாக்க உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு என்று பெல்ஜிய வழக்கில் சொன்னது. 2024 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூரும் அதையே ஏற்று, விலங்கு நலன் என்பது பொது ஒழுக்கத்தின் பாற்படும் என்றது. யூதர்களும் முஸ்லிம்களும் பல பத்தாண்டுகளாக நீதிமன்றத்தில் நின்று போராடியும் இவ்வளவுதான் கிடைத்திருக்கிறது. நாமோ இன்னும் பேசவே தொடங்கவில்லை.

பூசாரி மகன் (சேன்-பியேர்)

வடலூர் அன்பருக்கு என் வணக்கம். வள்ளுவரை நானும் மதிக்கிறேன். ஆனால் பலியை எதிர்ப்பவர்களும் சட்டம் பேசுபவர்களும் அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் காளி பூசைக்குக் கிடாய் கொடுப்பவர்கள் நேர்ந்துகொண்டவர்கள். பிள்ளை பிழைக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பலர் குட்டியை வாங்கி வீட்டிலேயே வளர்ப்பார்கள். அதற்கு ஊனம் இருக்கக் கூடாது; ஆணாக இருக்க வேண்டும். வெட்டுகிறவரும் கரேம் இருப்பார், அதாவது விரதம்: கறி, மீன், முட்டை, மது எதுவும் கிடையாது, மனைவியோடு படுக்கை கிடையாது, தரையில்தான் உறக்கம். கத்திக்கு எலுமிச்சை குத்திக் கற்பூரம் காட்டுவோம். கிடாயைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு அம்மன் முன் கொண்டுவந்து நிறுத்தி, தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். துலுக்காவிட்டால் கத்தி எழாது. மேளம் அடித்துக்கொண்டே, நேர்ந்தவர் கைகூப்பி அழுதுகொண்டே காத்திருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே வெட்டில் முடிய வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் அது குடும்பத்துக்கும் கோயிலுக்கும் குறை. அதன் பிறகு அந்தக் கை கத்தியைத் தொடாது.

பிறகு கறி மசாலேயாகிறது, அதாவது மசாலாக் குழம்பு. வாழையிலை போட்டு எல்லோருக்கும் பரிமாறுகிறோம். அண்டை வீட்டுக் கத்தோலிக்கர்களும், ஆப்பிரிக்க வழிவந்த காஃப்ர்களும், சீனர்களும் வந்து உட்காருகிறார்கள். ஒரு துண்டும் விற்கப்படுவதில்லை, ஒரு துண்டும் வீணாவதில்லை. இதை இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யச் சொன்னால், அங்கே அம்மன் எங்கே இருக்கிறாள்? கூடத்தில் வெட்டினால் கறி கிடைக்கும். நேர்ச்சை நிறைவேறாது.

காரைக்காலாள் (சேன்-தெனி)

ஐயா, நீங்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன். அந்த நேர்ச்சையின் பின்னால் இருக்கும் தாயின் கண்ணீரை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் நனைந்த ஆடு துலுக்கத்தான் செய்யும். மழையில் நனைந்தாலும் துலுக்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் மனச்சாட்சிக்கு நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். கடன் பட்டவர் மனிதர், வேண்டிக்கொண்டவரும் மனிதர். அதைத் தன் கழுத்தால் தீர்ப்பது மட்டும் ஏன் ஆடாக இருக்க வேண்டும்?

பலி எதிர்ப்பு வெள்ளைக்காரர் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்று சொல்லாதீர்கள். சென்னை மாகாணத்தில் கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்க 1950-இலேயே சட்டம் வந்தது. 1950-களில் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் தொடர்ச்சியாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன் 28 ஆம் பிரிவு, எந்தச் சமூகமும் தன் மத முறைப்படி விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று விலக்கு அளித்தது. அங்கேதான் இரக்கம் அரசியலுக்கு வழிவிட்டது. 2003-இல் ஜெயலலிதா அரசு 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது, எதிர்ப்புக் கிளம்பியது, மக்களவைத் தேர்தல் வரவிருந்த 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. வாக்கு உள்ளவர்களின் கோபம் அரசுக்குக் கேட்டது. வாக்கு இல்லாதவற்றின் அலறல் கேட்கவில்லை.

மக்களாட்சியின் மிகப் பெரிய குறை இதுதான். 1848-க்கு முன் இந்தத் தீவில் அடிமைகளுக்கு வாக்கு இல்லை; சட்டம் அவர்களை அசையும் சொத்தாகவே எழுதி வைத்திருந்தது. அன்றும் தோட்ட முதலாளிகள் பழக்கத்தையும் மரபையும்தான் காரணம் காட்டினார்கள். 2015-இல்தான் பிரெஞ்சு உரிமையியல் சட்டம், விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று எழுதிக்கொண்டது. வாயில்லாதவற்றுக்காக வாயுள்ளவர்கள் பேசினால்தான் சட்டம் நகரும்.

கரும்புக்காட்டான் (சேன்-அந்த்ரே)

அடிமைகளை ஆட்டோடு சேர்த்துப் பேசாதீர்கள். இந்தத் தீவில் அந்த ஒப்புமையை வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் இந்த உரையாடலிலிருந்து எழுந்து போயிருப்பேன். அடிமைகள் பிறர் தங்களுக்காகப் பேசட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். மலையேறித் தப்பினார்கள், 1811-இல் சேன்-லேயில் கிளர்ந்தெழுந்து உயிர் கொடுத்தார்கள். அவர்களை மனிதர்கள் அல்லர் என்று வகைப்படுத்திய அதே மனப்பான்மைதான் 2019-இல் எங்களுக்கு மரபணுக் கணக்குப் பார்த்தது.

2003-ஐ நீங்களே எடுத்தீர்கள். அந்த உத்தரவு யார் மேல் விழுந்தது? கருப்பசாமி, அய்யனார், முனியாண்டி கோயில்களின் மேல் விழுந்தது. சென்னையின் பிரியாணிக் கடை ஒன்றுகூட அன்று அடுப்பை அணைக்கவில்லை. உண்பதற்காக வெட்டலாம், விற்பதற்காக வெட்டலாம், சாமிக்குப் படைத்துவிட்டு ஊரோடு உண்பதற்காக வெட்டக் கூடாது என்பது எந்த வகை இரக்கம்? அந்தச் சட்டம் வீழ்ந்ததை நீங்கள் வாக்குக்குப் பயந்து செய்த காரியம் என்கிறீர்கள். எழுத்தறிவும் செல்வாக்கும் இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே வாய்ப்பு வாக்குதான். அதைக் கொண்டு அவர்கள் தங்கள் குலசாமியைக் காத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்வேன். சல்லிக்கட்டிலும் அதுவே நடந்தது: 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது, சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

சட்டம் பயிலும் தங்கைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எழுதப்படாத சகிப்பு உரிமை ஆகாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மக்களவையில் 577 பேர். ரீயூனியனுக்கு 7 பேர். 2022 நவம்பரில் காளைப்போரைத் தடை செய்ய மக்களவை உறுப்பினர் எமெரிக் கரோன் மசோதா கொண்டுவந்தபோது திருத்தங்களைக் குவித்து அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். தெற்குப் பிரான்சின் நகரங்களுக்கு மக்களவையில் ஆள் இருக்கிறார்கள். காளிக்கு யார் இருக்கிறார்கள்? மயக்காமல் வெட்டுவதைத் தடை செய்வேன் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியவர் தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லெ பென். அவரை வெளிப்படையாக ஆதரித்தவர் பர்தோ. எங்கள் கிடாயைப் பற்றி பாரிசில் பேச்சு எழுந்தால், அதை முதலில் பிடித்துக்கொள்பவர்கள் ஆட்டின் நண்பர்களாக இருக்க மாட்டார்கள், எங்கள் எதிரிகளாகத்தான் இருப்பார்கள்.

சட்டம் பயில்பவள் (லெ தாம்போன்)

அண்ணா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பேசாமல் இருந்தால் பேச்சு எழாது என்பது கைப்பேசி வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. கோயில் வாசலில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி அன்று மாலையே பாரிசில் ஓடும். மறுநாள் ஒரு சங்கம் புகார் கொடுக்கும். புகார் வந்த பிறகு அரசு வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. அன்று நீதிமன்றத்தில் நிற்கப்போவது குழுவின் தலைவரும் கத்தி பிடித்தவரும்தான். "எப்போதும் இப்படித்தான் நடக்கிறது" என்று அவர்கள் சொன்னால், அது குற்றம் பலமுறை நடந்ததற்கான ஒப்புதலாக எழுதிக்கொள்ளப்படும்.

சிறிய மதம் ஒன்று வெளிப்படையாக வழக்காடி வென்றதும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஹயலியா நகரம், ஆப்பிரிக்க வேருள்ள சாந்தெரியா வழிபாட்டினரின் பலியை மட்டும் குறிவைத்து நகரச் சட்டங்கள் போட்டது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ஒருமனதாக அடித்துவிட்டது; உணவுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் கொல்வதை அனுமதித்துவிட்டு வழிபாட்டை மட்டும் தடுப்பது நடுநிலை ஆகாது என்பதே காரணம். அண்ணா பிரியாணிக் கடையைச் சுட்டிச் சொன்ன அதே வாதம்தான் அது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் அந்த அளவுக்குப் போகாது என்பதை 2024 தீர்ப்பு காட்டுகிறது. ஆகவே வழக்குக்கு முன்பே பேச்சுவார்த்தை தேவை. பக்ரீதுக்காகப் பிரான்சில் தற்காலிக இறைச்சிக்கூடங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறார்கள். அதுபோலக் கோயில் வளாகத்துக்குள்ளேயே திருவிழா நாளுக்கு மட்டும் ஒரு தற்காலிக இடத்தை அங்கீகரிக்கச் சொல்லிக் கேட்கலாம். 1905 ஆம் ஆண்டின் மதச்சார்பின்மைச் சட்டம் 1911 முதல் இங்கும் செல்லும். வழிபாட்டைச் சுதந்திரமாக நடத்த அதன் முதல் பிரிவே உறுதி தருகிறது, பொது ஒழுங்கு மட்டுமே வரம்பு. முன்னோருக்குப் பலியிட்டுச் செர்விஸ் கபாரே என்ற சடங்கு செய்யும் மல்காசி (மடகாஸ்கர்) வழிக் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து கேட்டால் இது ஒரு சாதியாரின் கோரிக்கை என்றோ ஒரு மதத்தின் பிடிவாதம் என்றோ யாரும் ஒதுக்க முடியாது.

இடம் வேறு, மயக்கம் வேறு. கோயிலுக்குள்ளே இடம் கிடைத்து, மயக்கினால்தான் அனுமதி என்று சொன்னால் பூசாரி மகன் ஐயா என்ன சொல்வார்?

கால்நடை உதவியாளர் (சேன்-லுய்)

அவர் பதில் சொல்வதற்கு முன், மயக்கம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்குப் பெரும்பாலும் மின் இடுக்கி பயன்படுத்துகிறார்கள். தலையின் இரு பக்கமும் வைத்துச் சில விநாடிகள் மின்சாரம் பாய்ச்சினால் உடனே நினைவு போய் விழுந்துவிடும். இதயம் நிற்காது, வெட்டாமல் விட்டுவிட்டால் சிறிது நேரத்தில் எழுந்துவிடும். ஒரே வெட்டில் தலை போகும்போது தண்டுவடம் உடனே அறுந்துவிடுகிறது என்றாலும், மூளை அடங்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் வலி தெரிகிறதா என்பதில்தான் வாதம் முழுவதும் நிற்கிறது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. திருவிழாவுக்கு முதல் நாள் வண்டியில் நான்கு காலையும் கட்டிப் படுக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். வெயிலில் தண்ணீரில்லாமல் மணிக்கணக்கில் கட்டிப் போடுகிறார்கள். முன்னால் வெட்டப்பட்டதன் இரத்த வாடையும் மேளச் சத்தமும் சேர்ந்து பின்னால் நிற்கும் கிடாய்கள் கயிற்றை இழுத்து இழுத்து நுரை தள்ளுகின்றன. கடைசி விநாடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அதற்கு முந்தைய மணிநேரங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவற்றை மாற்ற எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

பூசாரி மகன் (சேன்-பியேர்)

தங்கை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். மயக்கத்தை என்னால் ஏற்க முடியாது. விழுந்து கிடக்கும் உயிரை அம்மனுக்குக் கொடுக்க முடியாது. நின்று, விழித்து, துலுக்கிய கிடாய்தான் நேர்ச்சை. துலுக்குவது ஆறுதல் என்று அம்மா சொன்னார்கள். எங்களுக்கு அது கட்டளை. துலுக்காமல் அவிழ்த்துவிட்ட கிடாயைக் கோயிலுக்கு விட்டு, அது கிழமாகிச் சாகும் வரை கீரை போட்டவர் என் தகப்பனார்.

உதவியாளர் தம்பி எழுதியவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. காலைக் கட்டாமல் கொண்டுவர வேண்டும். நிழலும் தண்ணீரும் வேண்டும். மற்றவை பார்க்காதபடி திரை கட்டி ஒவ்வொன்றாக அழைத்துவர வேண்டும். கால்நடை மருத்துவர் முதல் நாளே பார்க்கட்டும். கைப்பேசி வாசலிலேயே நிற்கட்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: சில ஆண்டுகளாக நேர்ச்சையில் போட்டி வந்துவிட்டது, எதிர்வீட்டார் ஒன்று கொடுத்தால் நாம் இரண்டு என்று. அது பக்தி ஆகாது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடாய் கொடுக்கலாம் என்று பூசாரியே சொன்னால் ஊர் கேட்கும். அதைச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

காரைக்காலாள் (சேன்-தெனி)

ஐயா சொன்னவை நடந்தால் துன்பம் குறையும். அதை நான் வரவேற்கிறேன். போதும் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எஞ்சி நிற்கும் அந்த ஒரு கிடாய்க்கும் தன் உயிர் முழு உயிர்தான். அடிமைகளைப் பற்றி நான் எழுதியது அவர்களைத் தாழ்த்துவதற்காக அன்று. சட்டம் ஓர் உயிரைச் சொத்து என்று எழுதும்போது எவ்வளவு எளிதாக மனிதரும் அதில் அடங்கிப்போனார்கள் என்பதற்காக எழுதினேன். அந்த வாதத்தை நான் விட்டுவிடவில்லை.

இவற்றைப் பேசி முடிவு செய்யக் கோயில் குழு கூடினால், அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். ஆனால் விரதத்தில் சமைப்பதும் இலை போடுவதும் பாத்திரம் கழுவுவதும் பெண்களாக இருக்க, நேர்ச்சையை முடிவு செய்யும் மேசையில் ஆண்கள் மட்டும் அமர்ந்திருக்கும் கூட்டமாக அது இருந்தால், நான் முதலில் பேசப்போவது ஆட்டைப் பற்றி அன்று.

கரும்புக்காட்டான் (சேன்-அந்த்ரே)

பெண்கள் மேசையில் அமர்வதில் எனக்கு மறுப்பு இல்லை. என் பாட்டிதான் எங்கள் கோயிலைக் காத்தவர்.

பூசாரி மகன் அண்ணன் சொன்ன விதிகளைத் தமிழிலும் தீவின் பேச்சுமொழியான கிரெயோலிலும் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவதற்கு நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். பிரெஃபேவுக்குக் கடிதம் என்றால் போட மாட்டேன். ஒப்பந்தக் கூலிக் காலத்தில் எங்கள் முன்னோரின் ஒவ்வொரு அசைவுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. என் சாமிக்கு நான் சீட்டு வாங்கப் போவதில்லை.

சட்டம் பயில்பவள் (லெ தாம்போன்)

சுவரில் ஒட்டுவது கோயிலுக்குள் செல்லும். நீதிமன்றத்தில், கவனமாக நடந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்றாக ஓரளவு உதவும், வழக்கைத் தடுக்காது. இந்த வேறுபாட்டைக் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியது என் பொறுப்பு. கோயில் விதிகளையும் பிரெஃபேவுக்கான கடிதத்தின் வரைவையும் தனித்தனியாக எழுதிக் கொண்டுவருகிறேன். கடிதத்தில் மயக்கம் பற்றிய பகுதியை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன். நின்று விழித்த கிடாய்தான் நேர்ச்சை ஆகும் என்பதை அதிகாரிக்குப் புரியும்படி பூசாரி மகன் ஐயாவே எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழேயே, அது ஏன் ஏற்கத்தக்கது அன்று என்று காரைக்காலாள் அக்காவின் மறுப்பையும் சேர்க்க விரும்புகிறேன். இரண்டும் ஒரே தாளில் இருக்க உங்கள் இருவருக்கும் சம்மதமா?